பில்லுக்குள் இரண்டு கணக்கு

பாலக்கோடு,
ஞாயிறு

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய செய்தியைப் படித்தேன். போனில் அரைகுறையாகப் பேசி முடிக்கிற விஷயம் இல்லை இது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஆபீஸில் இருக்கும் பழைய சர்வரை மார்ச்சுக்குள் எடுத்துவிட்டு எல்லாவற்றையும் கிளவுட்டுக்கு மாற்றச் சொல்லிவிட்டார் உங்கள் ஓனர். செலவு பாதியாகிவிடும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அது உண்மையா என்று கேட்டிருக்கிறாய். மெஷின் செலவு குறையலாம், கண்ணு. லைசென்ஸ் செலவு தானாகக் குறையாது. பல இடங்களில் அது ஏறியதைத்தான் பார்த்திருக்கிறேன். கிளவுட் பில்லில் மெஷினின் வாடகையும் மென்பொருளின் கட்டணமும் பெரும்பாலும் ஒரே வரியில் சேர்ந்து வருகின்றன. அதைப் பிரித்து எழுத உங்கள் ஆபீஸில் ஆள் இல்லை. அந்த ஆளாக நீ இரு என்பதுதான் இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வந்தது.

நம் ஊரில் உழவுக்கு டிராக்டர் பிடிக்கிறோம். டிரைவர், டீசல் எல்லாம் சேர்த்து மணிக்கு இவ்வளவு என்பது ஒரு பேச்சு. டிரைவர் என் ஆள், வண்டி மட்டும் கொடு என்பது வேறு பேச்சு. கிளவுட்டிலும் இந்த இரண்டு பேச்சும் உண்டு. விண்டோஸ் கட்டணம் சேர்ந்த மெஷினை மணி வாடகைக்கு எடுக்கலாம். கையில் இருக்கும் லைசென்ஸைக் கொண்டுபோய் வெறும் மெஷினில் பயன்படுத்துவது இன்னொரு வழி. அந்த இரண்டாவது வழி உங்களுக்குத் திறந்திருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

ஆபீஸ் பீரோவில் சர்வர் வாங்கிய பில் இருக்கும், எடுத்துப் பார். சர்வர் பெட்டியோடு சேர்ந்து வந்த விண்டோஸ் என்றால் அந்த லைசென்ஸ் அந்தப் பெட்டிக்கு மட்டும்தான். பெட்டியைப் பழைய இரும்புக்குப் போட்டால் லைசென்ஸும் அதோடு போய்விடும். தனியாக வாங்கியதாக இருந்தாலும், பேப்பரில் ‘சாஃப்ட்வேர் அஷூரன்ஸ்’ என்ற சொல் இருக்கிறதா என்று தேடு. அது இல்லாமல் எஸ்.க்யூ.எல். சர்வர் என்ற தரவுத்தள மென்பொருளின் லைசென்ஸைப் பிறரோடு பகிரும் கிளவுட் மெஷினுக்குக் கொண்டுபோக முடியாது. 2019 அக்டோபர் 1-ஆம் தேதியிலிருந்து மைக்ரோசாஃப்ட் விதியை இன்னும் இறுக்கிவிட்டது. அதற்குப் பிறகு அஷூரன்ஸ் இல்லாமல் வாங்கிய லைசென்ஸை அமேசான், கூகுள், அலிபாபா, மைக்ரோசாஃப்ட் ஆகிய நான்கு பெரிய கிளவுட்களில் உனக்கென்று தனியாக ஒதுக்கிய மெஷினில்கூடப் போட முடியாது. 2022 அக்டோபரில் சிறிய ஹோஸ்டிங் நிறுவனங்களுக்குக் கொஞ்சம் தளர்த்தினார்கள். அதற்கும் அஷூரன்ஸோ சந்தா லைசென்ஸோ வேண்டும். ஆக, ‘நம்மகிட்டதான் லைசென்ஸ் இருக்கே’ என்று ஓனர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதே. பேப்பரைப் பார்த்த பிறகு பேசு.

எஸ்.க்யூ.எல். சர்வரில் இன்னொன்று இருக்கிறது. கோர் கணக்கில் லைசென்ஸ் எடுத்தால் ஒரு விர்ச்சுவல் மெஷினுக்குக் குறைந்தது நான்கு கோர் எடுத்தே ஆக வேண்டும். இரண்டு கோர் மெஷினாகப் பார்த்து எடுத்து மிச்சம் பிடித்துவிட்டோம் என்று நினைப்பவர்கள் பலர். லைசென்ஸில் ஒரு பைசாவும் மிச்சமாகாது. தரவுத்தளம் மெதுவாக ஓடினால் உடனே எட்டு கோருக்கு ஏற்றுவதும் ஒரு பழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் அதற்குத் தேவைப்படுவது நினைவகம். கோர் குறைவாகவும் நினைவகம் அதிகமாகவும் உள்ள மெஷின் வகைகள் இருக்கின்றன. மெஷின் வாடகை கொஞ்சம் கூடினாலும் லைசென்ஸ் இரட்டிப்பாகாது.

பணம் கட்டும் பதிப்பு உங்களுக்குத் தேவையா என்பதையும் கேள். எக்ஸ்பிரஸ் பதிப்பு இலவசம். 2022 பதிப்பு வரை ஒரு தரவுத்தளத்துக்கு 10 ஜிபி வரம்பு இருந்தது, 2025 பதிப்பில் அது 50 ஜிபி. நீங்கள் பார்க்கும் கடத்தூர் வெல்ல மண்டிக் கணக்கு ஒன்றுக்கு இது எவ்வளவோ தாராளம். ஆனால் டெவலப்பர் பதிப்பை மட்டும் தொடாதே. அதுவும் இலவசம்தான், எல்லா வசதியும் இருக்கும். சோதித்துப் பார்க்க மட்டுமே அனுமதி. வியாபாரியின் நிஜக் கணக்கு அதில் ஏறிய நாளிலிருந்து அது லைசென்ஸ் இல்லாத சர்வர்.

இப்போது நான் மிகவும் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். உங்கள் சர்வரில் மண்டிக்காரர்கள், ஜவுளிக் கடைக்காரர்கள், ஆடிட்டர் ஆபீஸ் பிள்ளைகள் என்று பலர் ரிமோட்டில் நுழைந்து டாலி மென்பொருளில் கணக்குப் பார்க்கிறார்கள் என்றாய். விண்டோஸ் சர்வரோடு வருவது இரண்டே இரண்டு ரிமோட் இணைப்பு, அதுவும் சர்வரைப் பராமரிக்கும் வேலைக்கு. அதற்கு மேல் நுழையும் ஒவ்வொருவருக்கும் தனி லைசென்ஸ் வேண்டும். ஒரு கோப்பை மாற்றி அந்த வரம்பை உடைக்கும் வித்தை யூடியூபில் இருக்கிறது. இப்போது உங்கள் சர்வரில் அதுதான் ஓடுகிறதோ என்று எனக்குச் சந்தேகம். நீ எழுதியதை வைத்துச் சொல்கிறேன், தவறாக இருந்தால் சந்தோஷம்.

அதோடு, சொந்த வேலைக்குப் பயன்படுத்துவது வேறு, வெளியாருக்கு மாதக் கட்டணத்துக்கு விடுவது வேறு. இரண்டாவதற்கு மைக்ரோசாஃப்டில் சேவை தருபவர்களுக்கான தனி ஒப்பந்தம் இருக்கிறது, மாதாமாதம் எத்தனை பேர் என்று கணக்குக் கொடுத்துக் கட்ட வேண்டும். டாலியிலும் சில்வர் ஒரு ஆளுக்கு, கோல்டு பல ஆளுக்கு. ஒவ்வொரு வியாபாரியின் லைசென்ஸும் அவர் பெயரிலேயே இருக்கட்டும்.

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-பி பிரிவை ஒருமுறை படி. மீறிய நகல் என்று தெரிந்தே கணினியில் ஒரு மென்பொருளைப் பயன்படுத்தினால் குறைந்தது 7 நாள், அதிகம் 3 ஆண்டு சிறை. 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். ‘தெரிந்தே’ என்ற சொல்லைக் கவனி. உடைத்த கோப்பை சர்வரில் வைக்கும் கை உன்னுடையதாக இருந்தால், ஓனர் சொன்னார் என்பது உன்னைக் காப்பாற்றாது. அப்படிச் செய்யச் சொன்னால் முடியாது என்று சொல். மரியாதையாகவே சொல், ஆனால் சொல். வேலை போனாலும் பரவாயில்லை, பெரியப்பா இருக்கிறேன்.

மாறுகிற நேரம்தான் வேறு கேள்வி கேட்கவும் நல்ல நேரம். டாலிக்கு விண்டோஸ் வேண்டும், அதில் பேச்சில்லை. ஆனால் வட்டிக் கணக்குக்கு நீங்களே எழுதிய மென்பொருள் எஸ்.க்யூ.எல். சர்வரில்தான் இருக்க வேண்டும் என்று விதியா? லினக்ஸில் போஸ்ட்கிரஸ் என்ற இலவசத் தரவுத்தளத்தைப் போட்டால் அந்த லைசென்ஸ் வரியே பில்லில் இருக்காது. நம் மாநிலத்திலேயே இதை யோசித்துச் செய்தவர்கள் உண்டு. 2007 வாக்கில், சி. உமாசங்கர் அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்டின் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, அந்த நிறுவனம் சூசி லினக்ஸுக்கும் ஓபன் ஆபீஸுக்கும் மாறியது. அரசு வாங்கும் கணினிகளுக்கும் அந்த யோசனையைக் கொண்டுபோனார்கள். ஆயிரக்கணக்கில் வாங்கும்போது ஒரு கணினிக்கான லைசென்ஸ் தொகை எவ்வளவு பெரிதாகும் என்பதை வாங்குவதற்கு முன்பே உட்கார்ந்து கணக்குப் போட்ட ஆட்கள் அவர்கள். பிளஸ் டூவில் உனக்குக் கிடைத்த அரசு மடிக்கணினியில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்ததே, சென்னை சி-டாக் உருவாக்கியது, அதைத் திறந்துகூடப் பார்க்காமல் விட்டவர்கள்தான் அதிகம். நீ திறந்து பார்த்தாய், எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இலவச மென்பொருள் என்றாலும் லைசென்ஸ் பக்கத்தைப் படித்துவிடு. டெராஃபார்ம் 2023 ஆகஸ்டிலும், ரெடிஸ் 2024 மார்ச்சிலும் நிபந்தனையை மாற்றின. உடனே பிறர் கிளை பிரித்து ஓபன் டோஃபு, வால்கி என்று நடத்த வேண்டியிருந்தது. ஒரே கம்பெனியின் கையில் இருப்பதா, பலர் சேர்ந்து நடத்துவதா என்று பார்த்துத் தேர்ந்தெடு.

மெஷின் பக்கம் சேமிப்பது சுலபம். மாதத்தில் சுமார் 730 மணி நேரம். ஆபீஸ் நேரம் நாளைக்குப் பத்து மணி என்றால், 26 நாளுக்கு 260. சோதனை மெஷின்களை மற்ற நேரத்தில் அணைத்துவிடு, விண்டோஸ் கட்டணமும் அதோடு நிற்கும். வியாபாரிகள் நுழையும் மெஷினை அப்படி அணைக்காதே. ஜிஎஸ்டி கட்டும் 20-ஆம் தேதிக்கு முந்தைய ராத்திரிகளில் அவர்கள் தூங்குவதில்லை. சோதனை மெஷினை அணைத்தாலும் டிஸ்க்குக்கு வாடகை ஓடும், பழைய ஸ்னாப்ஷாட்டுக்கும் ஓடும். பொது ஐ.பி.வி.4 முகவரி ஒவ்வொன்றுக்கும் அமேசான் 2024 பிப்ரவரியிலிருந்து மணிக்கு 0.005 டாலர் வாங்குகிறது. பட்ஜெட் எச்சரிக்கை வைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடாதே. அது மெயில் அனுப்பும், செலவை நிறுத்தாது.

ஒரு வருடம், மூன்று வருடம் என்று வாக்குக் கொடுத்தால் பெரிய தள்ளுபடி என்று விற்பவர்கள் வருவார்கள். மாங்கூழ் ஆலைக்காரர்களும் உங்களிடம் கணக்கு வைத்திருக்கிறார்கள் அல்லவா? சீசனில் ஏறும் அளவை வைத்து வாக்குக் கொடுத்துவிட்டால் தை, மாசியில் ஓடாத மெஷினுக்கும் கட்ட வேண்டிவரும். வருடம் முழுக்க எவ்வளவு குறைந்தாலும் இதற்குக் கீழே போகாது என்ற அளவுக்கு மட்டும், அதுவும் ஒரு வருடத்துக்குப் போதும். இன்னொன்று, அந்தத் தள்ளுபடி மெஷின் வாடகையில்தான் விழும். லினக்ஸுக்குச் சொல்லும் சதவீதம் விண்டோஸுக்கு வராது. விற்பவரிடம் இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு வாங்கு.

கிளவுட்டின் அமெரிக்க மண்டலத்தில் சில மெஷின்கள் மலிவாகத் தெரியும். உங்கள் வாடிக்கையாளர்களில் பதிவுபெற்ற கம்பெனிகள் இருந்தால், அவர்களுடைய கணக்கின் நகல் இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் சேமிக்கப்பட வேண்டும் என்பது 2022 ஆகஸ்டில் திருத்திய விதி. மும்பை, ஐதராபாத், சென்னை என்று இங்கேயே மண்டலங்கள் இருக்கின்றன, இங்கேயே வை. கிளவுட் கணக்கைக் கம்பெனி மெயிலில் தொடங்கு, உன் சொந்த மெயிலில் வேண்டாம். ஜிஎஸ்டி எண்ணை முதல் நாளே பதிந்துவிடு. இல்லாவிட்டால் 18% வரியில் உள்ளீட்டு வரி வரவு எடுப்பது சிக்கலாகும்.

ஓனரிடம் பேசுவதற்கு முன் பீரோவில் இருக்கும் லைசென்ஸ் பேப்பர்களைப் படம் எடுத்து அனுப்பு. ரிமோட்டில் எத்தனை பேர் நுழைகிறார்கள், எந்தத் தரவுத்தளம் எத்தனை ஜிபி என்பதையும் ஒரு தாளில் எழுதி அனுப்பு. மாற்றிய பிறகு மாதம் எவ்வளவு வரும் என்று வாடகை ஒரு பத்தியிலும் லைசென்ஸ் ஒரு பத்தியிலுமாக நாம் இருவரும் போட்டுப் பார்ப்போம். வரும் சனிக்கிழமை நான் தர்மபுரிக்கு வருகிறேன். அவர் சம்மதித்தால் நானும் கூட உட்கார்ந்து பேசுகிறேன்.

அன்புடன்,
உன் பெரியப்பா