வைத்தியத்துக்கு வருபவரும் கடற்கரை ஓய்வும் – இம்மாதப் பாடம்



சென்ற மாதக் கூட்டத்தில், தவளக்குப்பம் பக்கத்து உறுப்பினர் ஒருவர் கடன் மனு கொடுத்தார். மாடி அறையோடு கழிவறை கட்டி, வெளிநாட்டிலிருந்து வைத்தியத்துக்கு வருபவர்களுக்கு வாடகைக்கு விட வேண்டும் என்பது அவர் திட்டம். "வைத்தியமும் ஆச்சு, கடற்கரையில நாலு நாள் இருந்த மாதிரியும் ஆச்சுன்னு வர்றாங்க. நமக்கும் நாலு காசு வருமே" என்றார். நல்ல எண்ணம்தான். ஆனால் கடன் கொடுக்குமுன் இத்தொழிலை எல்லோரும் தெரிந்துகொள்வோம் என்று தீர்மானித்தோம்.

1. யார் வருகிறார்கள்?

தம் நாட்டில் செலவு அதிகம், அல்லது ஆபரேஷனுக்கு நெடுநாள் காத்திருக்க வேண்டும் என்பதால் வெளிநாடு போய் வைத்தியம் பார்ப்பவர்கள் உண்டு. தாய்லாந்தின் புக்கெட் தீவு போன்ற இடங்களில் மருத்துவமனையும் கடற்கரையும் சேர்ந்தே ஆட்களை இழுக்கின்றன. இதற்கு மருத்துவச் சுற்றுலா என்று பெயர்.

நம் ஊரின் கதை சற்று வேறு. 1962 ஆகஸ்ட் 16-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட தமிழ்க் குடும்பங்கள் பல. அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஜூலை, ஆகஸ்ட் விடுமுறையில் வருகிறார்கள். வந்த கையோடு பல், கண் எல்லாம் பார்த்துக்கொள்வதும் உண்டு. தவளக்குப்பத்தில் 2003 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. அங்கிருந்து சுண்ணாம்பாறு படகுத்துறையும் பக்கம்தான். படகேறினால் ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே உள்ள மணல்திட்டில், பாரடைஸ் பீச்சில், இறங்கலாம்.

2. முதலில் நோயாளி, பிறகுதான் விருந்தாளி

வருபவர் ஊர் சுற்ற ஆசைப்படுவார். ஆபரேஷனுக்கு முன்பே சுற்றிவிடுவது நல்லது. பின்பு என்றால் டாக்டர் அனுமதி வேண்டும்.

• கண்புரை ஆபரேஷன் ஆனவர் கண்ணில் தண்ணீர், தூசி படக்கூடாது. டாக்டர் சொல்லும்வரை கடல் குளியல் கிடையாது.

• விழித்திரை ஆபரேஷனில் கண்ணுக்குள் வாயு ஏற்றியிருந்தால், அது கரையும்வரை விமானம் ஏறவே கூடாது. வாயு விரிந்து பார்வை போகலாம்.

• செயற்கைப் பல்லுக்கு எலும்பில் திருகு பதித்தால், அது ஊன்றப் பெரும்பாலும் சில மாதங்கள் ஆகும். ஒரே லீவில் எல்லாம் முடியும் என்று நம்பி வரக்கூடாது.

• 4 மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே பயணம் செய்தால் கால் நரம்பில் ரத்தம் உறையும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் சொன்னது. பெரிய ஆபரேஷன் ஆனவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

3. வரவும் சட்டமும்

இது வருடம் முழுக்க வரும் வருமானம் அல்ல. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அறை சும்மா கிடக்கும். 2020 மார்ச்சில் கொரோனாவால் வெளிநாட்டு விமானங்கள் நின்றன. வழக்கமான சேவை முழுதாகத் திரும்பியது 2022 மார்ச்சில்தான். இரண்டு வருடம்! தவணை மட்டும் நிற்காது. ஆகவே மாடு, தையல், இட்லிக் கடை என்று இருக்கும் தொழிலை விட்டுவிடாமல், இதைத் துணை வருமானமாக வையுங்கள்.

வெளிநாட்டவரைத் தங்கவைத்தால் 24 மணி நேரத்துக்குள் இணையவழி அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். வைத்தியத்துக்கு வருபவர்களுக்கென்று தனி விசா உண்டு. துணைக்கு இரண்டு பேர் வரை வரலாம். பாஸ்போர்ட், விசா நகலை வாங்கி வையுங்கள். வாடகை, சாப்பாடு, துணையிருக்கும் கூலி எல்லாவற்றையும் முதல் நாளே பேசி எழுதிவிடுங்கள். மருந்தை டாக்டர் சீட்டுப்படி எடுத்துக் கொடுக்கலாம். ஊசி போடுவது, கட்டுப் பிரிப்பது நம் வேலை அல்ல.

4. மூட வேண்டிய கதவு

வெளியூர் நோயாளிகளைத் தேடி வரும் புரோக்கர்களில், "ஒரு கிட்னி போதும்மா, கடன் அடைஞ்சிடும்" என்று நைசாகப் பேசுபவரும் இருக்கக்கூடும். 1994-ல் வந்த உறுப்பு மாற்றுச் சட்டப்படி, நெருங்கிய உறவாக இல்லாத வெளிநாட்டவருக்கு இந்தியர் உயிரோடு உறுப்பு தர முடியாது. உறுப்பை விலை பேசினாலே 5 முதல் 10 வருடம் சிறை, 20 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம்.

2001-ல் சென்னையில் கிட்னி விற்ற 305 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. பெரும்பாலோர் பெண்கள். 100-க்கு 96 பேர் கடனுக்காகவே விற்றவர்கள். அவர்களில் நாலில் மூன்று பேர் ஆய்வு நடந்தபோதும் கடனில்தான் இருந்தார்கள். குடும்ப வருமானமும் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. கிட்னி போயிற்று, கடன் போகவில்லை. கடன் கழுத்தை நெரித்தால் குழுவில் சொல்லுங்கள். தவணையை மாற்றி எழுத நாம் இருக்கிறோம்.

மனு கொடுத்த உறுப்பினருக்கு என்ன சொன்னோம்? முதலில் கழிவறைக்கு மட்டும் கடன். ஒரு சீசன் பார்த்த பிறகு கட்டில், மின்விசிறி. அவரும் சரி என்றார்.

குழுவில் பேசுங்கள்:

1. மழைக்கால மூன்று மாதம் அறை காலியானால் தவணையை எப்படிக் கட்டுவோம்?

2. ஆபரேஷன் ஆன மறுநாளே கடலுக்குப் போகணும் என்று விருந்தாளி அடம்பிடித்தால் என்ன சொல்வோம்?

3. நம் குழுவில் கடனைச் சொல்லக் கூச்சப்பட்டு மௌனமாக இருப்பவர் யார்? அவர் வீட்டுக்கு யார் போவது?