தைல வண்ணமும் தூரிகைத் தூய்மையும்

நம் பிள்ளைகளிற் சிலர் தைல வண்ண ஓவியம் பயில்கின்றனர். பெரம்பூரின் சிறிய வீடுகளில் அப்பயிற்சி பெரும்பாலும் கூடத்துத் தரையிலேயே நடைபெறும். அருகே ஒரு கிண்ணத்தில் டர்பன்டைன் திறந்தபடி இருக்கும். அதன் ஆவி காற்றினும் கனமானது. தாழ இறங்கித் தரையோரம் தங்கும். தலைவலி, தலைச்சுற்றல், தோல் அரிப்பு ஆகியன அதனால் விளையும். பெயிண்டுக் கடைகளில் அப்பெயரால் கிடைப்பது பெரும்பாலும் பைன் மரத் தைலமன்று. பெட்ரோலியத்திலிருந்து பிரித்தெடுத்த திரவமே. மணம் நீக்கிய வகையும் ஆவியாவதே; மூக்கு அதை அறியாது, அவ்வளவுதான். தின்னரோ இவற்றினும் கொடியது. அதனைப் பிள்ளைகள் கையிற் கொடுத்தலே ஆகாது.

இத்திரவம் இன்றி வண்ணம் எவ்வாறு உலரும் என்று தாய்மார்கள் வினவலாம். நீர் வண்ணம், நீர் ஆவியாவதால் உலர்கின்றது. தைல வண்ணம் அவ்வாறன்று. அதிலுள்ள ஆளிவிதை எண்ணெய், காற்றின் ஆக்சிஜனோடு கூடி இறுகுகின்றது. எனவே உலர்வதற்கு டர்பன்டைன் தேவையில்லை. வண்ணத்தை இளக்கவும் ஆளிவிதை எண்ணெய் சில துளிகள் போதும்.

தூரிகையைத் தூய்மை செய்யவும் எண்ணெயே உதவும். முதலில் பழந்துணியால் வண்ணத்தை இயன்றவரை துடைத்துவிட வேண்டும். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும். பிள்ளைகள் செய்யாமல் விடுவதும் இதனையே! பின்னர்ச் சூரியகாந்தி எண்ணெயில் தோய்த்துப் பிசைந்து, மீண்டும் துடைக்க வேண்டும். இவ்வாறு இரண்டு மூன்று முறை செய்தபின், உள்ளங்கையில் சோப்பைக் குழைத்துத் தூரிகையை அதிற் சுழற்றி, வெதுவெதுப்பான நீரில் நுரை வெண்மையாகும் வரை அலசுக. எண்ணெய் எஞ்சினால் மறுநாள் தீட்டும் வண்ணம் இறுகாது. தேங்காயெண்ணெயாயின் இக்குறை மிகுதி. நுனியைக் கூராக்கி, படுக்கவைத்து உலர்த்துக.

துடைத்த துணியிலேதான் பெரும் ஆபத்து உள்ளது. ஆளிவிதை எண்ணெய் இறுகுகையில் வெப்பம் எழும். துணியைச் சுருட்டி மூலையில் இட்டால் அவ்வெப்பம் உள்ளே சிக்கி, நெருப்பு வையாமலே தீப்பற்றக்கூடும். வெளியே கொடியில் விரித்து உலர்த்துக. அன்றேல் நீர் நிறைந்த தகர டப்பாவிலிட்டு மூடிவைக்கவும். வீட்டில் எஞ்சியுள்ள பழைய டர்பன்டைனைச் சாக்கடையில் ஊற்றலாகாது. இப்பக்கத்து ஓட்டேரி நல்லா பக்கிங்காம் கால்வாயிற் கலக்கின்றது. அந்நீரிலும் உயிர்கள் உள.

வண்ணக் குழாயின் பெயரையும் நம்மவர் படித்துப் பார்த்து வாங்குதல் நலம். ‘ஐவரி பிளாக்’ என்பது விலங்கெலும்பைக் கருக்கிச் செய்வது. அதற்கு ஈடாகப் புகைக்கரியாலான ‘லாம்ப் பிளாக்’, இரும்பு ஆக்சைடாலான ‘மார்ஸ் பிளாக்’ கிடைக்கின்றன. 9ஆம் நூற்றாண்டுச் சித்தன்னவாசல் ஓவியர் கருமைக்குக் கரியையே கொண்டனர். பன்றிமுடித் தூரிகைக்கு ஈடாக நைலான் தூரிகை உண்டு. அதனையும் இதே எண்ணெய், சோப்பு முறையால் கழுவலாம்.