வீட்டுக் கணக்கு, ஊர்க் கணக்கு, நாட்டுக் கணக்கு
(பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் பொருளாதார முதற்பாடம்)

பொருளாதாரம் என்னும் சொல்லைக் கேட்டவுடன், அது கல்லூரி மாணவர்களுக்கும் வங்கி அலுவலர்களுக்கும் மட்டுமே உரிய கலை என்று கருதுவோர் பலர். உண்மை அதுவன்று. கன்னிப்பூ அறுவடை முடிந்தபின் வரப்பில் நின்று, "வருகிற கும்பப்பூவுக்கும் நெல்லே நடுவதா, அல்லது ஏத்தன் வாழை வைப்பதா?" என்று எண்ணிப் பார்க்கும் நாஞ்சில் நாட்டு விவசாயி, அக்கலையின் முதற்பாடத்தைத் தாமாகவே தொடங்கிவிடுகிறார்.

இக்கலை இரு பெரும் பிரிவுகளை உடையது. ஒரு குடும்பம், ஒரு பண்ணை, ஒரு கடை, ஒரு சரக்கின் விலை ஆகியவற்றைத் தனித்தனியே ஆராய்வது நுண்ணியல் பொருளாதாரம். நாட்டின் மொத்த உற்பத்தி, மொத்த வருமானம், வேலைவாய்ப்பு, பொதுவான விலைவாசி ஆகியவற்றை ஒருசேர ஆராய்வது பேரியல் பொருளாதாரம். 1933ஆம் ஆண்டில் இந்த வேறுபாட்டை எடுத்துக் காட்டியவர் நார்வே நாட்டு அறிஞர் ராக்னர் ஃப்ரிஷ். நமது வசதிக்காக முன்னதை வீட்டுக் கணக்கு என்றும், பின்னதை நாட்டுக் கணக்கு என்றும் வழங்குவோம். இவ்விரண்டுக்கும் நடுவே ஊர்க் கணக்கு என்று ஒன்று உண்டு. பஞ்சாயத்து உறுப்பினர் சிறப்பாக அறிய வேண்டுவது அதுவே.

வீட்டுக் கணக்கு: கைவிட்டதும் செலவே

நிலம், நீர், பணம், உழைப்பு ஆகிய அனைத்தும் அளவுக்கு உட்பட்டவை. நமது தேவைகளோ அவ்வாறு அளவுபட்டு நிற்பதில்லை. ஆகவே ஒன்றைக் கொள்ளும்போது மற்றொன்றைக் கைவிட நேர்கிறது. அவ்வாறு கைவிட்டவற்றுள் சிறந்ததன் பயனே நாம் கொண்டதன் உண்மையான செலவு. இதனை வாய்ப்புச் செலவு என்பர்.

ஓர் உதாரணம் காண்போம். ஒரு விவசாயிக்கு ஓர் ஏக்கர் நஞ்சை உள்ளது. இரு பூவும் நெல் நட்டால் செலவு போக ரூ. 40,000 நிற்கும் என்றும், வாழை வைத்தால் ஆண்டு முடிவில் ரூ. 60,000 நிற்கும் என்றும் கொள்வோம். (இவை கணக்கை விளக்குவதற்காகக் கற்பித்த தொகைகளேயாம்.) வாழையால் அவருக்குக் கிடைத்த ஆதாயம் ரூ. 60,000 என்று கூறுதல் பிழை. கைவிட்ட நெல்லின் ரூ. 40,000-ஐக் கழித்தால், வாழை கூட்டித் தந்தது ரூ. 20,000 மட்டுமே. அந்த இருபதாயிரத்துக்காக அவர் எவ்வளவு அபாயத்தை ஏற்கிறார் என்பதும் கணக்கில் சேர வேண்டும். 2017 நவம்பர் 30ஆம் நாள் வீசிய ஒக்கி புயலில் குமரி மாவட்டத்து வாழைத் தோட்டங்களும் ரப்பர் மரங்களும் சாய்ந்ததை நம்மில் மறந்தவர் இலர்.

இரண்டாவது விதி, கூடுதலாக இடும் பொருளைப் பற்றியது. வயலுக்கு இடும் முதல் மூட்டை உரம் தரும் பயனை இரண்டாவது மூட்டை தருவதில்லை. மூன்றாவது அதனினும் குறைவாகவே தரும். இதனைக் குறைந்து செல் விளைவு விதி என்பர். அடுத்த ஒரு மூட்டைக்கு ஆகும் செலவும், அந்த மூட்டையால் மட்டும் வரும் கூடுதல் வரவும் சமமாகும் இடமே விவசாயி நிற்க வேண்டிய இடம். விளைச்சல் மிகுவதைக் கண்டு அதற்கு அப்பாலும் உரம் இடுபவர் ஆதாயத்தை இழக்கிறார்.

விலை பிறக்கும் இடம்

விலை எவ்வாறு அமைகிறது என்பதைக் காண விரும்புவோர் தோவாளை மலர்ச் சந்தைக்குச் செல்லலாம். ஓணம், பொங்கல், முகூர்த்த நாட்கள் ஆகியவை நெருங்கும்போது, கேரளத்திலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வியாபாரிகள் திரளுகின்றனர். செடியில் பூத்ததற்கு மேல் ஒரு பூவும் கூடப்போவதில்லை. ஆகவே விலை ஏறுகிறது. விழா முடிந்த மறுநாள் அதே பூ கேட்பாரற்றுக் கிடக்கிறது. மலரை இருப்பு வைக்க இயலாது. எனவே அன்றைய வரத்தும் அன்றைய தேவையுமே அன்றைய விலையை வகுக்கின்றன.

நெல்லின் இயல்பு வேறு. அரிசி விலை பாதியாகக் குறைந்தாலும் எவரும் இருமடங்கு சோறு உண்பதில்லை. விலை ஏறினாலும் உணவை எளிதில் குறைத்துக்கொள்வதில்லை. விலை மாறியும் தேவை அதிகம் மாறாத இப்பண்பை நெகிழ்ச்சியின்மை என்பர். இத்தகைய பொருளில் சிறிது பற்றாக்குறை நேர்ந்தாலும் விலை பெரிதும் ஏறும். சிறிது மிகுந்தாலும் பெரிதும் வீழும். பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலேயரான கிரிகோரி கிங் என்பவரின் பெயரால் ஒரு பழைய கணக்கு வழங்குகிறது. தானிய விளைச்சல் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் விலை பத்தில் மூன்று பங்கு ஏறும் என்பது அக்கணக்கு. நல்ல மகசூல் கண்ட ஆண்டிலும் விவசாயியின் கையில் பணம் குறைவாக நிற்பதன் காரணம் இதனால் விளங்கும்.

இந்த வீழ்ச்சியைத் தடுக்கவே அரசு குறைந்தபட்ச ஆதரவு விலையை நிர்ணயிக்கிறது. 2025-26ஆம் பருவத்திற்குச் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசு அறிவித்த விலை குவிண்டாலுக்கு ரூ. 2,369 ஆகும். ஆனால் அறிவிப்பு மட்டும் விலையாகிவிடாது. நேரடி நெல் கொள்முதல் நிலையம் அறுவடைக் காலத்தில், எட்டும் தூரத்தில் திறந்திருந்தால்தான் அவ்விலை விவசாயியின் கைக்கு வரும்.

ஊர்க் கணக்கு: ஒருவர் செய்வதும் எல்லோரும் செய்வதும்

இனி இப்பாடத்தின் மையக் கருத்துக்கு வருவோம். ஒருவருக்கு நன்மையாவது, எல்லோரும் அதனையே செய்யும்போது நன்மையாக இருப்பதில்லை. ஒருவர் ஓணத்தைக் கருதி ஏத்தன் வாழை வைத்தால் நல்ல விலை பெறுவார். ஊர் முழுவதும் அவ்வாறே வைத்தால் ஒரே வாரத்தில் குலைகள் சந்தையில் குவிந்து விலை சரியும். தனித்தனியே சரியாக இருந்த கணக்கு, கூட்டிப் பார்க்கும்போது பிழையாகிறது.

இதனினும் ஆழமான உதாரணம் நம் கண்முன்னே நிகழ்ந்து வருகிறது. தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்களைக் கொண்ட நாஞ்சில் நாடு, திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என்று புகழ்பெற்றது. 1956 நவம்பர் முதல் நாள் இப்பகுதி தமிழ்நாட்டுடன் இணைந்தபோதும் வயல்களே இதன் செல்வம். பின்னர் ஆண்டுக்காண்டு வயல்கள் தென்னந்தோப்புகளாகவும் வாழைத் தோட்டங்களாகவும் வீட்டுமனைகளாகவும் மாறின. இதற்காக எந்த விவசாயியையும் குறைகூறுவது நீதியன்று. கூலி ஏறுகிறது, நடவுக்கு ஆள் கிடைப்பதில்லை, நெல்லின் ஆதாயம் குறைகிறது. இந்நிலையில் அவருடைய வீட்டுக் கணக்கு அவரளவில் சரியே.

ஆனால் அக்கணக்கில் சேராத செலவுகள் சில உண்டு. ஒரு வயலில் மண் நிரப்பி மனையாக்கும்போது, அடுத்த வயலுக்கு நீர் செல்லும் ஓடை அடைபடுகிறது. நாற்புறமும் தென்னை எழுந்தபின் நடுவே நிற்கும் நெல்வயலில் நிழல் விழுகிறது. அறுவடை இயந்திரம் செல்ல வழி இருப்பதில்லை. முன்னர் நூறு பேர் சேர்ந்து செப்பனிட்ட வாய்க்காலைப் பத்துப் பேரால் செப்பனிட முடிவதில்லை. கடைவரம்பு வயலுக்குத் தண்ணீர் எட்டாமற் போகிறது. இச்செலவுகளை மாற்றியவர் கொடுப்பதில்லை, அண்டை வயல்காரர் கொடுக்கிறார். இவற்றைப் புறவிளைவுகள் என்பர். இறுதியில் அந்த அண்டை வயல்காரரும், நெல்மீது பற்று இருந்தபோதிலும், வயலை மாற்ற வேண்டியவராகிறார். எவரும் விரும்பாத முடிவை எல்லோரும் சேர்ந்தே உண்டாக்குகின்றனர்.

இந்நிலையில் அறிவுரை கூறுவதால் மட்டும் பயன் விளையாது. ஒவ்வொருவருடைய வீட்டுக் கணக்கையே மாற்றியமைக்க வேண்டும். வாய்க்கால் தூர்வாரப்பட்டு நீர் உரிய நாளில் வந்தால், நெல்லின் செலவு குறையும். ஒரே பற்றில் உள்ளவர்கள் ஒரே வாரத்தில் நட்டால், இயந்திரத்தைக் கூட்டாக அமர்த்தலாம். ஓடைப் புறம்போக்கு அளந்து காக்கப்பட்டால், ஒருவர் செயலால் மற்றவர் இழப்பது நிற்கும். இவற்றை எந்தத் தனி விவசாயியும் தனித்துச் செய்ய இயலாது. செய்தாலும் பயன் எல்லோருக்கும் போகும், செலவு அவருக்கே நிற்கும். பயன் பொதுவாகவும் செலவு தனியாகவும் உள்ள இத்தகைய வேலைகளைப் பொதுப் பண்டங்கள் என்பர். அவற்றை நிறைவேற்றவே பஞ்சாயத்தும் அரசும் உள்ளன.

இதற்குச் சான்று நமது அணைகளே. கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணை 1897இல் தொடங்கி 1906இல் முடிக்கப்பட்டது. அப்போது ஆட்சி புரிந்தவர் மூலம் திருநாள் மகாராஜா. பணியை நடத்திய பொறியாளர் மிஞ்சின். பரளியாற்றில் பெருஞ்சாணி அணை 1953இல் நிறைவெய்தியது. எத்துணைச் செல்வம் படைத்த நிலக்கிழாரும் தம் வயலுக்காக அணை கட்டியிருக்க முடியாது. அணையிலிருந்து வரும் நீர் தோவாளைக் கால்வாய், அனந்தனாறு, நாஞ்சில் நாடு புத்தனாறு வழியே குளங்களை அடைந்து, மடை திறந்து வயலுக்குப் பாய்கிறது. அணையைக் கட்டியது அரசு. கடைசி ஓடையைக் காப்பது ஊர். கடைசி ஓடை தூர்ந்தால் அந்த வயலுக்கு அணை இருந்தும் இல்லாததே.

நாட்டுக் கணக்கு: தொலைவில் நிகழ்வதும் நம்மைத் தொடும்

ஊரளவில் எவ்வளவு திறமையாக நடந்தாலும், ஊருக்கு அப்பாற்பட்ட காரணங்கள் நம் வாழ்வைத் தாக்குவது உண்டு. நாஞ்சில் நாடு களஞ்சியமாக இருந்தும், திருவிதாங்கூர் சமஸ்தானம் முழுவதற்கும் அதன் நெல் போதவில்லை. பர்மா அரிசி கப்பலில் வந்துகொண்டிருந்தது. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அவ்வரத்து நின்றது. சமஸ்தானத்தில் அரிசித் தட்டுப்பாடும் பங்கீடும் வந்தன. மக்கள் மரச்சீனிக் கிழங்கை மிகுதியாக நாடினர். அக்கிழங்கு 1880 முதல் 1885 வரை ஆட்சி புரிந்த விசாகம் திருநாள் மகாராஜாவால் பரப்பப்பட்டது. ஒரு பண்டம் அரிதாகும்போது அதன் இடத்தை நிரப்புவதைப் பதிலீட்டுப் பண்டம் என்பர்.

ரப்பரும் இதற்கு ஓர் உதாரணம். அதன் விலையைக் குலசேகரமும் திருவட்டாறும் நிர்ணயிப்பதில்லை. தாய்லாந்தின் விளைச்சல், உலகத்து டயர் ஆலைகளின் தேவை, செயற்கை ரப்பருக்கு மூலமான கச்சா எண்ணெயின் விலை ஆகியவை நிர்ணயிக்கின்றன. 2011 ஏப்ரலில் கிலோ ரூ. 240-ஐத் தாண்டிய விலை, 2016 தொடக்கத்தில் ரூ. 100-க்கும் கீழே இறங்கிற்று. பால்வெட்டும் கூலிகூடக் கட்டாமல் மரங்களை வெட்டாது விட்டோர் பலர். தொழிலாளியின் கூலி குறைந்தால் துணிக்கடையிலும் தேநீர்க்கடையிலும் வியாபாரம் குறையும். ஒருவருடைய செலவே மற்றவருடைய வருமானம் என்பது பேரியல் பொருளாதாரத்தின் அடிப்படை.

இவ்வடிப்படையை விரிவாக ஆராய்ந்தவர் ஆங்கிலப் பொருளாதார அறிஞர் கெயின்ஸ். அவருடைய பெருநூல் 1936இல் வெளிவந்தது. பஞ்சாயத்து ரூ. 100 கூலி தருகிறது என்று கொள்வோம். பெற்றவர் அதில் ரூ. 80-ஐ உள்ளூரில் செலவிடுகிறார். அதனைப் பெற்றவர் ரூ. 64-ஐச் செலவிடுகிறார். இவ்வாறு சுற்றிச் சுற்றி, ஊரில் பிறக்கும் மொத்த வருமானம் ரூ. 500 வரை ஆகும். ஆனால் முதற்படியிலேயே பணம் வெளியூருக்குப் போய்விட்டால் சுற்று அங்கேயே நிற்கும். ஆகவே ஊர்ப்பணியை ஊர்க்கைகளைக் கொண்டு செய்வது கணக்குப்படியும் ஆதாயமே.

கூலி உயர்ந்தால் வாழ்வு உயர்ந்ததா என்பதும் ஆராயத்தக்கது. அறுவடைக் கூலியை நெல்லாக அளந்த காலத்தில் விலை ஏறினாலும் கூலிக்காரரின் சோறு குறையவில்லை. பணக்கூலி இருமடங்காகி, பண்டங்களின் விலையும் இருமடங்கானால் உயர்ந்தது எண் மட்டுமே. ஆகவே கூலியைப் பணத்தால் மட்டுமன்றி, அது வாங்கும் பண்டத்தாலும் அளக்க வேண்டும்.

முடிவுரை

வீட்டுக் கணக்கை விவசாயி அறிவார். நாட்டுக் கணக்கை அரசு எழுதுகிறது. ஊர்க் கணக்கை எழுத வேண்டியவர்கள் பஞ்சாயத்து உறுப்பினர்கள். நமது வயல்கள் நிலைப்பதும் மறைவதும் பெரும்பாலும் இந்த நடுக் கணக்கையே பொறுத்தவை. அடுத்த கிராம சபை கூடும்போது கீழ்க்கண்ட வினாக்களை எழுப்பி, விடைகளை ஏட்டில் பதிவு செய்தல் நலம்.

1. நமது ஊரில் சென்ற பத்து ஆண்டுகளில் நெல்லிலிருந்து மாறிய வயல்கள் எத்தனை? அவற்றால் நீர் தடைப்பட்ட வயல்கள் எத்தனை?

2. கடைவரம்பு வயலுக்கு நீர் எட்டாத ஓடைகள் எவை? அவற்றைச் செப்பனிட ஆகும் செலவு எவ்வளவு? அதனால் காக்கப்படும் நிலம் எவ்வளவு?

3. அருகிலுள்ள கொள்முதல் நிலையம் அறுவடை தொடங்கும் நாளில் திறந்திருக்கிறதா?

4. சென்ற ஆண்டுப் பஞ்சாயத்துப் பணிகளுக்குச் செலவான தொகையில் உள்ளூர்த் தொழிலாளரைச் சேர்ந்தது எவ்வளவு?