பால்வாடிப் பிள்ளைக்கு வீட்டில் செய்ய: ஆனைக்குட்டத்துப் பக்கமிருந்து சில குறிப்புகள்

சிவகாசிப் பக்கம் ஆனைக்குட்டம் அணையைச் சுற்றியுள்ள ஊர்களில் காலையில் முதலில் கேட்பது பட்டாசு ஆபீஸ் (ஆலையை இங்கே அப்படித்தான் சொல்வோம்) வேனின் ஹாரன். அந்த வேனைப் பிடிக்கும் அவசரத்தில்தான் நம் பெண்கள் பிள்ளையைக் குளிப்பாட்டி, தலைசீவி, பால்வாடியில் விட்டுப் போகிறார்கள். சாயங்காலம் வந்ததும் ஒரு கேள்வி: "என்ன டீச்சர், இன்னிக்கும் சும்மா விளையாடத்தான் விட்டீங்களா?" அங்கன்வாடியில் பல வருஷம் பிள்ளைகளோடு இருந்தவள் என்ற முறையில் இந்தக் கேள்வியை ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். களிமண் உருட்டுவதும் கொட்டை எண்ணுவதும் காகிதம் கிழிப்பதும்தான் அந்த வயதுக்கான படிப்பு. அதை வீட்டிலும் செய்யலாம், காசு செலவில்லாமல். நம் ஊருக்கென்றே கவனிக்க வேண்டிய சில விஷயங்களும் உண்டு. அதையும் சேர்த்து எழுதுகிறேன்.

1. பிள்ளை அழுகிறதே என்று "மிட்டாய் வாங்கிட்டு வாரேன்" என்று பொய் சொல்லி நழுவாதீர்கள். ஒருநாள் ஏமாந்த பிள்ளை மறுநாள் வாசலிலேயே சேலையைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு மணி தெரியாது, ஆனால் வரிசை தெரியும். "பாட்டுப் பாடுவே, சோறு சாப்பிடுவே, பாயில தூங்குவே, எந்திரிச்சதும் அப்பத்தா வந்து கூட்டிட்டு வரும்" என்று நடக்கப்போவதை அப்படியே சொல்லுங்கள். வருவது அப்பத்தா என்றால் அப்பத்தா என்றே சொல்லுங்கள். அம்மா வருவேன் என்று சொல்லிவிட்டு வேறு ஆளை அனுப்ப வேண்டாம். இரண்டு வாரத்தில் அழுகை அடங்கிவிடும்.

2. ஆபீஸ் விட்டு வந்ததும் பிள்ளை ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்ளும். தூக்காமல் இருக்க மனசு வராதுதான். ஆனாலும் முதலில் சோப்புப் போட்டுக் கை, முகம் கழுவி, சேலையை மாற்றிவிட்டுத் தூக்குங்கள். அலுமினியப் பவுடரும் கந்தகமும் உப்பு வகைகளும் துணியின் மடிப்பிலும் தலைமுடியிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும். பிள்ளை கையை வாயில் வைக்கும் வயது. ஆபீஸ் துணியைத் தனி வாளியில் போட்டுத் தனியாகத் துவையுங்கள். "அம்மா கை கழுவுற வரைக்கும் பத்து எண்ணு பாப்போம்" என்று வாசலில் உட்கார வைத்தால் காத்திருக்கவும் பழகும், எண்ணவும் பழகும்.

3. நம் பக்கத்தில் 'மருந்து' என்றால் இரண்டு அர்த்தம். காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து, வெடிக்குள் அடைப்பதும் மருந்து. "மருந்தைக் குடி, சரியாப் போயிரும்" என்று ஒரு நாளும் "மருந்துப் பக்கம் போகாத" என்று மறுநாளும் சொன்னால் மூன்று வயதுப் பிள்ளை என்ன புரிந்துகொள்ளும்? வீட்டில் எல்லோரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். குடிப்பது 'டானிக்', விழுங்குவது 'மாத்திரை', ஆபீஸில் இருப்பது 'வெடிமருந்து'. தாத்தா, சித்தி உட்பட அத்தனை பேரும் இதே வார்த்தையைச் சொல்ல வேண்டும்.

4. எண்ணுவதற்குப் புளியங்கொட்டை போதும். கழுவிக் காயவைத்து ஒரு டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று நூறு வரை ஒப்பிக்கிற பிள்ளையிடம் "நாலு கொட்டை எடுத்துக் குடு" என்றால் கைநிறைய அள்ளும். ஒப்பிப்பது வேறு, எண்ணுவது வேறு. ஒரு கொட்டையைத் தொட்டு ஒரு எண்ணைச் சொல்லப் பழக்குங்கள். முதலில் ஐந்து வரைக்கும் போதும். ஐந்தை வட்டமாக வைத்தாலும் வரிசையாக வைத்தாலும் ஐந்துதான் என்பது பிள்ளைக்குப் புரிய ஒரு மாதம்கூட ஆகும். அவசரப்படாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. குன்றிமணியும் ஆமணக்கு விதையும் பார்க்க அழகாக இருக்கும், இரண்டும் கொடிய விஷம். அவற்றை விளையாட்டுச் சாமானோடு சேர்க்கவே கூடாது. மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் எந்தக் கொட்டையும் தரையில் கிடக்கக் கூடாது. மூக்கிலோ காதிலோ போட்டுக்கொண்டால் ஹேர்பின்னால் தோண்டாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

5. காலித் தீப்பெட்டி நல்ல விளையாட்டுச் சாமான். குச்சியும் மருந்தும் படாத புதுக்கூடாக இருந்தால் இன்னும் நல்லது. அடுக்கிக் கோபுரம் கட்டலாம். கூட்டை ரயில்போலக் கோக்கலாம். படம் ஒரே மாதிரி உள்ளதைச் சேர்த்துவைக்கச் சொல்லலாம். இது இனம் பிரிக்கும் பாடம்.

ஆனால் விளையாட்டு எங்கே நின்று வேலை எங்கே தொடங்குகிறது என்பதில் நாம் கண்டிப்பாக இருக்க வேண்டும். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்றுவந்து சிவகாசியில் தீப்பெட்டி செய்யத் தொடங்கினார்கள். வானம் பார்த்த பூமிக்கு அந்தத் தொழில் சோறு போட்டது. நான் அதை மறக்கவில்லை. ஆனால் 'சின்ன விரல்தான் வேகமா அடுக்கும்' என்று சொல்லி, விடியுமுன்னே தூக்கக் கலக்கத்தில் பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு போன காலமும் இதே ஊர்களில்தான் இருந்தது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசிப் பிள்ளைகளுக்காகத் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: அபாயத் தொழிலில் பிள்ளையை வைத்திருந்த முதலாளி, ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் நல நிதிக்குக் கட்ட வேண்டும். அத்தனை பாடுபட்டுத்தான் அந்த விரல்கள் மீண்டன.

ஆகவே வீட்டில் லேபிள் ஒட்டுகிறீர்கள், கூடு மடிக்கிறீர்கள் என்றால் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து "நீயும் ரெண்டு ஒட்டு கண்ணு" என்று ஆரம்பிக்காதீர்கள். கணக்குக்குச் சேர்கிற எதையும் பிள்ளை கையில் கொடுக்கக் கூடாது. அது கட்டிய கோபுரத்தை அதுவே இடித்துத் தள்ளலாம் என்றால் விளையாட்டு. இத்தனை முடித்தால்தான் எழுந்திருக்கலாம் என்றால் வேலை. எங்காவது சின்னப் பிள்ளையை வேலைக்கு வைத்திருப்பது தெரிந்தால் 1098க்குப் போன் செய்யுங்கள்.

6. பென்சில் பிடிக்க விரலில் பலம் வேண்டும். அந்தப் பலம் களிமண்ணில் இருந்து வரும். நம் கரிசல் மண் ஈரத்தில் நன்றாக ஒட்டும், காய்ந்தால் வெடித்துவிடும். கொஞ்சம் மணலும் பொடியாக நறுக்கிய வைக்கோலும் சேர்த்துப் பிசைந்தால் வெடிப்புக் குறையும். ஆபீஸ் கழிவு கொட்டும் இடத்துப் பக்கம் மண் எடுக்காதீர்கள். அணைக்கரைக்கோ கண்மாய்க்கோ "போய் மண் எடுத்துட்டு வா" என்று பிள்ளையை அனுப்பவே அனுப்பாதீர்கள். பெரியவர்கள் போய் எடுத்து வாருங்கள். அதுவும் இல்லையென்றால் சப்பாத்தி மாவில் ஒரு உருண்டை போதும். பாம்பு, பிள்ளையார், தோசை, அம்மிக்கல் என்று என்ன வேண்டுமானாலும் செய்யட்டும். "இது என்ன, எது மாதிரியும் இல்லையே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். "இதைப் பத்திச் சொல்லேன்" என்று கேளுங்கள், ஒரு கதையே வரும்.

7. சிவகாசிக் காலண்டர் இல்லாத வீடு தமிழ்நாட்டில் குறைவு. தினசரித் தாளைக் கிழிக்கும் பொறுப்பைப் பிள்ளையிடம் கொடுங்கள். நாற்காலியில் தூக்கி நிறுத்தி, "இன்னிக்கு என்ன தேதி?" என்று கேட்டுக் கிழிக்கச் சொல்லுங்கள். ஒரு மாதத்துத் தாளைச் சேர்த்து வைத்தால் 1 முதல் 30 வரை எண் அட்டை தயார். மாதக் காலண்டரின் வெள்ளைப் பின்பக்கம் படம் வரைய நல்ல அகலம். சின்னப் பிள்ளைக்குத் தோளில் இருந்துதான் கோடு வரும், மணிக்கட்டில் இருந்து வராது. அதனால் தாள் பெரிதாக இருக்க வேண்டும். கத்தரிக்கோலுக்கு முன்னால் கையால் கிழித்துப் பழகட்டும். அச்சாபீஸ் வெட்டுத்தாள் கிடைத்தால் அதற்குப் பயன்படுத்துங்கள். வெடி சுற்றிய தாள், வெடிக்குழாய், திரி ஆகியவற்றை எந்தக் கைவேலைக்கும் எடுக்க வேண்டாம். காலியாகத் தெரிந்தாலும் உள்ளே துகள் இருக்கும்.

8. "மூணு வயசாச்சு, இன்னும் 'அ' எழுதலையே" என்று கவலைப்படும் அம்மாக்களுக்கு: ஐந்து வயதுக்கு முன்னால் நோட்டு நிறைய எழுத வைப்பதால் லாபமில்லை. விரல் வலித்து, எழுத்தே பிடிக்காமல் போகும். நம் திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரலால்தான் எழுதிப் பழகினார்கள். ஜெர்மனியில் பிராபெல் 1837இல் தொடங்கிய முதல் கிண்டர்கார்டனில் பிள்ளைகளுக்குக் கொடுத்தது மரக்கட்டையும் பந்தும். 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து பயிற்சி தந்த மாண்டிசோரி அம்மையார், சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்தைப் பிள்ளைகள் விரலால் தடவிப் பார்க்க வைத்தார். தாம்பாளத்தில் மணலையோ ரவையையோ பரப்பிக் கொடுங்கள். எழுதலாம், அழிக்கலாம், தப்பானாலும் தெரியாது.

9. வீட்டில் பேசும் பேச்சைத் திருத்தாதீர்கள். நம் ஊர்ப் பக்கம் பல வீடுகளில் தெலுங்கு பேசுகிறோம். அப்பத்தா தெலுங்கில் கதை சொன்னால் அப்படியே சொல்லட்டும். கதை கேட்ட பிள்ளைக்குத் தமிழும் சீக்கிரம் வரும். ஒரே கதையைப் பத்து நாள் கேட்டால் பத்து நாளும் சொல்லுங்கள். நடுவில் நிறுத்தி "அப்புறம்?" என்று கேட்டால் பதினோராம் நாள் அது உங்களுக்குச் சொல்லும்.

10. சத்துணவில் என்ன சாப்பிட்டது என்று தினமும் கேளுங்கள். முட்டை போடும் நாட்கள் எவை என்று டீச்சரிடம் கேட்டு வைத்துக்கொண்டால் பிள்ளை முழுதாகத் தின்றதா என்பதும் தெரியும். எடை போடும் நாளில் முடிந்தால் நேரில் போய் வளர்ச்சி அட்டையைப் பாருங்கள். காமராஜர் பிறந்த மாவட்டம் இது. தட்டில் சோறு போட்டால்தான் பிள்ளை பள்ளிக்கூடம் வரும் என்று நாட்டுக்கே காட்டிய மண்ணில் இருந்துகொண்டு, "அங்க என்ன சாப்பாடு போடுறாகளோ" என்று பிள்ளைக்கு முன்னால் முகம் சுளிக்க வேண்டாம்.

11. தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே பால்வாடியில் இதை ஆட்டமாகச் சொல்லித் தருவேன். கீழே வெடி கிடந்தால், "எடுக்காதே, தள்ளி நில், கூப்பிடு." மூன்றையும் கை காட்டி நடித்துப் பழக்க வேண்டும். நம் ஊரில் இது தீபாவளிக்கு மட்டுமல்ல, வருஷம் முழுவதும் வேண்டிய பாடம். கம்பி மத்தாப்பு சின்னப் பிள்ளைக்கானது என்று நினைக்கிறோம். அதன் நுனிச் சூடு ஆயிரம் டிகிரி செல்சியஸைத் தாண்டும், அணைந்த பிறகும் கம்பி வெகுநேரம் கொதிக்கும். ஐந்து வயதுக்குள் கையில் கொடுக்காதீர்கள், தூரத்தில் நின்று பார்த்தால் போதும். தீக்காயம் பட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, இங்க், மாவு எதுவும் தடவாதீர்கள். பெரிய காயம் என்றால் 108.

12. இதை எழுதத் தயங்கினேன், எழுதாமல் விடவும் முடியவில்லை. தூரத்தில் பெரிய சத்தம் கேட்டால், எந்த ஆபீஸில் விபத்தோ என்று நம் ஊரில் பெரியவர்கள் எல்லோரும் ஒரு நொடி அப்படியே நிற்போம். பிறகு போன் அடிப்போம், ஓடுவோம். பிள்ளைகள் வானத்தைப் பார்ப்பதில்லை, நம் முகத்தைத்தான் பார்க்கின்றன. "ஒண்ணுமில்ல, இடி" என்று சொல்லாதீர்கள், அதற்குத் தெரிந்துவிடும். "பெரிய சத்தம் கேட்டுச்சு. எங்கன்னு பெரியவங்க பாத்துட்டு வருவாங்க. நீ என்கூட இரு" என்று சொல்லி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் டிவியோ போனோ விபத்துப் படங்களைக் காட்டினால் அணைத்துவிடுங்கள். அடுத்த சில நாள் பிள்ளை பொம்மையை வைத்து 'டமார்' என்று விளையாடும், படுக்கையை நனைக்கும், அம்மாவை வேலைக்குப் போகாதே என்று அழும். அடிக்காதீர்கள், அதட்டாதீர்கள். விளையாட்டில்தான் அது தன் பயத்தைச் சொல்கிறது. அப்படி விளையாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "அப்புறம் பொம்மைய யாரு வந்து தூக்குனா?" என்று கேட்பேன். கொஞ்ச நேரத்தில் ஆம்புலன்ஸ் வரும், டாக்டர் வருவார், பொம்மை எழுந்து உட்காரும்.

13. 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்பு தொடங்கினார்கள். எங்கே சேர்ப்பது என்று யோசிப்பவர்கள் ஒருநாள் காலையில் போய் அரைமணி நேரம் சும்மா நின்று பாருங்கள். பிள்ளைகள் எழுந்து நடமாடுகிறார்களா? டீச்சர் தரையில் உட்கார்ந்திருக்கிறாரா? பிள்ளைகள் கேள்வி கேட்கிறார்களா? கக்கூஸில் தண்ணீர் வருகிறதா? பிள்ளையின் கை எட்டும் இடத்தில் விளையாட்டுச் சாமான் இருக்கிறதா, பூட்டிய பீரோவுக்கு மேலே இருக்கிறதா? வீட்டுப்பாடம் உண்டா என்ற கேள்வியைவிட இவை முக்கியம்.

14. சாயங்காலம் "இன்னிக்கு என்ன படிச்சே?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் வரும். "யார் பக்கத்துல உக்காந்தே? யாரு அழுதா? மண்ணுல என்ன செஞ்சே?" என்று கேட்டுப் பாருங்கள். அடுப்பில் சோறு பொங்கி இறக்கும் வரைக்கும் பேச்சு ஓயாது.