சொடுக்கும் கிளிக்கும்

செங்கற்பட்டு மாவட்டத்தைச் சார்ந்த நாவலூர், சென்னையினின்றும் மாமல்லபுரம் நோக்கிச் செல்லும் பழைய சாலையின்மேல் அமைந்துள்ளது. ஊரின் கிழக்கே பக்கிங்காம் கால்வாய். அதற்கும் அப்பால் வங்கக் கடல். வயலும் ஏரியும் பனையுமாக விளங்கிய இப்பகுதியில் இன்று கணிப்பொறி நிறுவனங்களின் கண்ணாடி மாளிகைகள் நிரல்பட நிற்கின்றன. ஊர் மாறினால் ஊரின் ஓசையும் மாறும். பனையோலையின் சலசலப்புக் குறைந்தது. வாயிற்கதவு அட்டையைக் கண்டு ‘பீப்’ என ஒலித்துத் திறக்கும் ஓசை மிகுந்தது. ஓசை மாறவே சொல்லும் மாறிற்று. ‘கிளிக் பண்ணு’, ‘கிளிக் ஆகவில்லை’, ‘கிளிக் செய்து பார்’ என்னும் தொடர்களை அலுவலகத்தில் மட்டுமன்றித் தேநீர்க் கடையிலும், பள்ளிச் சிறுவர் வாயிலும் இன்று கேட்கலாம்.

இக் ‘கிளிக்’ என்பது ஆங்கிலச் சொல். தாழ்ப்பாள் விழும் ஓசையையும், நாவை அண்ணத்தில் ஒட்டி எடுக்கும் ஓசையையும் செவி கேட்டவாறே வாய் சொல்லப் பிறந்த ஒலிக்குறிப்புச் சொல் அது. இதனைத் தமிழ்த் தொடரில் வழங்கலாமோ, ஆகாதோ? வழங்கின் எவ்வாறு வழங்குவது? இவ்வினாவிற்கு விடை காணுமுன், ஒலிக்குறிப்புச் சொற்களின் இயல்பை ஒருவாறு அறிதல் வேண்டும்.

ஓசையைக் கேட்டவாறே சொல்வதாயின், உலகத்து மொழிகள் எல்லாவற்றிலும் அச்சொற்கள் ஒன்றாகவே இருத்தல் வேண்டும் என்று தோன்றும். உண்மை அதுவன்று. சேவல் தமிழ்நாட்டில் ‘கொக்கரக்கோ’ எனக் கூவுகின்றது. இங்கிலாந்தில் ‘காக்கடூடில்டூ’ என்கின்றது. செருமானியர் செவிக்கு அது ‘கிக்கேரிக்கீ’. பிரெஞ்சுக்காரரோ ‘கொக்கொரிக்கோ’ என்பர். இவ்வொரு சொல்லில் அவரும் நாமும் அண்டை வீட்டார்போல் ஆகிவிடுகின்றோம். வேனிற்காலத்தில் ஓயாது கூவும் ஒரு பறவையைத் தமிழர் ‘அக்காக்குயில்’ என்றனர்; அது தன் அக்காளை அழைப்பதாக அவர்க்குக் கேட்டது. இந்தி பேசுவோர் செவியில் அதே குரல் ‘என் காதலர் எங்கே’ என்னும் பொருள்பட ‘பீ கஹான்’ என ஒலித்தது. வெயில் தாங்காத ஆங்கிலேயர்க்கு அது மூளைக்காய்ச்சல் என்னும் தம்மொழிச் சொல்லாகவே கேட்க, அப்பறவைக்கும் அப்பெயரையே இட்டனர். பறவை ஒன்று, குரல் ஒன்று. செவியோ தன் மொழியில் உள்ள எழுத்துக்களைக் கொண்டும், தன் மனத்தில் உள்ள ஏக்கத்தைக் கொண்டுமே கேட்கின்றது. ஆகவே ஒலிக்குறிப்புச் சொல், ஓசையின் படி அன்று. ஒரு மொழியினர் அவ்வோசையைக் கேட்ட வகை என்க.

தமிழர் கேட்ட வகை மிகச் செழிப்பானது. ஓசையைக் குறிக்கும் சொற்களாக இருபதுக்கு மேற்பட்டவற்றை நன்னூலார் ஒரே நூற்பாவில் தொகுத்துள்ளார். தொல்காப்பியர் இரட்டைக்கிளவி என ஓர் இனத்தைப் பிரித்து, அவை இரட்டித்தே நிற்கும், பிரித்தால் பொருள் தாரா என விதித்தார். ‘சலசல’ என்பதில் ‘சல’ எனத் தனித்து நின்றால் பொருள் இல்லை. ‘பாம்பு பாம்பு’ என அச்சத்தால் அடுக்கிக் கூறும் தொடர் அத்தகையதன்று. அதில் ஒரு சொல்லே நின்றாலும் பாம்பு பாம்புதான். உரையாசிரியர்கள் இரட்டைக்கிளவியை இசை, குறிப்பு, பண்பு என மூவகையாகப் பகுத்துக் காட்டுவர். இங்கே ஆங்கிலம் நமக்கு நெடுந்தொலைவு பின்தங்கி நிற்கின்றது. ஓசையைப் போலச் சொல்லும் சொற்கள் அம்மொழியில் மிகுதியாக உண்டு; ஆனால் ஓசையே இல்லாத ஒளியையும் மணத்தையும் தொடுவுணர்வையும் ‘பளபள’, ‘கமகம’, ‘வழவழ’ என இரட்டித்துக் கூறும் வழக்கு அங்கு அரிது. மணம் எழுப்பும் ஓசை யாது? எனினும் ‘கமகம’ என்றவுடன் அடுக்களை கண்முன் தோன்றுகின்றது. இவ்வகை இரட்டைச் சொற்கள் திராவிட மொழிகளில் மட்டுமன்றி வட இந்திய மொழிகளிலும் பரவிக் கிடப்பதை அமெரிக்க மொழியறிஞர் எமனோ 1969ஆம் ஆண்டில் ஆராய்ந்து எழுதினார். இந்திய மொழிகள் குடும்பத்தால் வேறாயினும், நெடுங்காலம் அருகருகே வாழ்ந்து ஒன்றையொன்று பார்த்துப் பழகியவை என்பதற்கு அவர் இதனையும் ஒரு சான்றாகக் கொண்டார்.

உயிரெழுத்து ஒன்றை மாற்றியே ஓசையின் பருமனை மாற்றிக் காட்டும் திறமும் தமிழுக்கு உண்டு. கோயில் மணி ‘கணகண’ என ஒலிக்கும். குழந்தையின் காற்சதங்கை ‘கிணுகிணு’ என ஒலிக்கும். கால்வாய் நீர் ‘சலசல’ எனச் செல்லும். மாலைக் கடற்காற்றோ ‘சிலுசிலு’ என வீசும். அகரம் வரின் பெரிது, இகரம் வரின் சிறிது என்பதை எவரும் நமக்குக் கற்பிக்கவில்லை. தாய் மடியிலேயே செவி அறிந்துகொண்டது.

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. ஒருமுறை தோன்றி மறையும் ஓசைக்குத் தமிழ் ஒற்றைச் சொல்லை ஆளுகின்றது. தொடர்ந்து எழும் ஓசைக்கு இரட்டைச் சொல்லை ஆளுகின்றது. ‘மருந்தை மடக்கென்று விழுங்கினான்’ என்கிறோம். ‘நீரை மடமடவென்று குடித்தான்’ என்கிறோம். ‘கிளை சடக்கென்று ஒடிந்தது’. ‘ஓலை சடசடவென்று எரிந்தது’. ஒளியிலும் அவ்வாறே: மின்னல் ‘பளிச்’ என ஒருமுறை வெட்டும், துலக்கிய குடம் ‘பளபள’ எனத் தொடர்ந்து மின்னும். இவ்விரு வகையும் தொடரில் அமர்வதற்கு ‘என’ அல்லது ‘என்று’ என்னும் சொல் துணைநிற்கின்றது. ‘என’ என்னும் இடைச்சொல் வரும் இடங்கள் ஆறு எனத் தொல்காப்பியர் கூறுவர். ஓசை அவற்றுள் ஒன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட பேரகராதியைப் புரட்டினால், இத்தகைய சொற்கள் ‘எனல்’ என்னும் வாலுடனேயே அணிவகுத்து நிற்பதைக் காணலாம்.

இனி, ‘கிளிக்’ என்பதற்கு வருவோம். அது ஆங்கிலத்தில் ககர மெய்யும் லகரமும் இடையே உயிரின்றி இணைந்து தொடங்கும் சொல். அவ்வாறு தொடங்குதல் தமிழ் மரபன்று. ஆகவே மக்கள் நாவே இடையில் ஓர் இகரத்தை நுழைத்துக் ‘கிளி’ என ஆக்கிக்கொண்டது. வல்லின மெய்யில் முடிதலும் மரபன்று. ஆதலின் பேச்சில் ஓர் உகரம் சேர்ந்து ‘கிளிக்கு’ என்றாயிற்று. எழுத்தறியாதார் வாயிலும் இலக்கணம் குடியிருக்கின்றது என்பதற்கு இது சான்று. படித்தோர் சிலர் இதனை முதலிலேயே புள்ளி வைத்த மெய்யெழுத்துடன் எழுதிக் கண்ணை உறுத்தச் செய்கின்றனர். அது வேண்டாத உழைப்பு.

‘பூட்டு கிளிக்கென்று திறந்தது’ என ஒருவன் எழுதினால் அதில் குற்றம் காண்பதற்கில்லை. ஓசை ஒன்றைச் செவி கேட்டது. கேட்டதை ‘என்று’ சேர்த்துச் சொன்னான். தொடரின் அமைப்பு முழுதும் தமிழ். ‘டக்’, ‘டமார்’, ‘டங்’ எனத் தமிழ்ச்சொல்லின் முதலில் வாராத டகரத்தையும் ஓசைக்காக ஏற்றுக்கொள்ளும் வழக்கு, கிளிக்கையும் அந்த வரிசையில் அமர்த்திக்கொள்வதில் வியப்பில்லை. ‘பீப்’ என்பதும் அவ்வாறே. திருவிழாக் கடையில் பீப்பீ வாங்கி ஊதிய பிள்ளைகளுக்கு அது புதியதொரு சொல்லாகவே தோன்றாது.

‘பொத்தானைக் கிளிக் செய்தான்’ என்பதன் நிலை வேறு. இங்குக் கிளிக் என்பது ஓசையைக் குறிக்கவில்லை. ஒரு தொழிலைக் குறிக்கின்றது. தொழிலைக் குறிக்கும் சொல் தமிழில் காலம் காட்டவேண்டும், இடம் காட்டவேண்டும், எதிர்மறை ஆகவேண்டும். கிளிக் என்பதோ இவற்றுள் ஒன்றையும் தானே செய்ய மாட்டாது; ‘செய்’ என்பதன் தோளில் ஏறியே செல்லவேண்டும். ஆனால் தமிழில் ‘சொடுக்கு’ என ஒரு சொல் முன்னரே உள்ளது. வண்டிக்காரன் சாட்டையைச் சொடுக்கினான். நடுவிரலையும் கட்டைவிரலையும் உரசிச் சொடுக்கும் ஓசையைச் சொடக்கு என்கிறோம். அச்சொல்லிலும் ஓசை உண்டு. உரக்கச் சொல்லிப் பார்ப்பவர் அதனை உணர்வர். கணிப்பொறித் தமிழை வகுத்தவர்கள் இப்பழஞ்சொல்லைத் தேடி எடுத்துப் புதுப்பணியில் அமர்த்தினர். அது உடனே குடும்பம் பெருக்கிற்று: சொடுக்கினான், சொடுக்குவாள், சொடுக்காதே, சொடுக்குக, சொடுக்கல், கையில் பிடித்து இயக்கும் கருவி சொடுக்கி, இருமுறை அழுத்துவது இரட்டைச் சொடுக்கு. ‘இங்கே சொடுக்குக’ என்னும் தொடர் தமிழ் இணையப் பக்கங்களில் நிலைபெற்றுவிட்டது. இவ்விடத்தில் கிளிக் செய்தல், வீட்டில் நெல்லிருக்கக் கடன் வாங்குதலை ஒக்கும்.

மூன்றாவதொரு வழக்கும் பரவிவருகின்றது. ‘இப்போதுதான் எனக்குக் கிளிக் ஆயிற்று’ என்பர் விளங்காதது விளங்கியவர். ‘அந்தப் படம் கிளிக் ஆகிவிட்டது’ என்பர் திரைப்படம் பார்ப்போர். ஆங்கிலேயர்க்கு ஒரு பொருள் விளங்குதல், பூட்டில் திறவுகோல் பொருந்தும் ஓசைபோலக் கேட்கின்றது. தமிழர்க்கோ அது கேட்பதில்லை; காண்கின்றது. ‘பளிச்சென்று விளங்கிற்று’ என்பது தமிழ் வழக்கு. ‘மனத்தில் பொறி தட்டிற்று’ என்பதும் உண்டு. அங்கே செவி, இங்கே கண். கிளிக் ஆயிற்று என ஒருவர் கூறும்பொழுது ஒரு சொல்லை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. அறிவை ஒளியாகக் கண்ட ஒரு பழைய பார்வையையும் கைவிடுகின்றார். அவர் அதனை அறிந்து கைவிடுவதாகவும் தெரியவில்லை. படத்திற்கு ‘எடுபட்டது’ என்னும் நல்ல சொல் இருக்கின்றது.

ஓசை வேறுபாட்டை நுணுகி அறிதல் சொல்லழகிற்கு மட்டும் உரியது அன்று. நாவலூரினின்று தெற்கே சென்றால் அடையும் மாமல்லபுரத்தில் இன்றும் உளியோசை கேட்கின்றது. சிற்பக் கலையைக் கற்பிக்க அங்கு 1957இல் அரசு நிறுவிய கல்விக்கூடமும் உண்டு. சிற்ப மரபினர் கல்லைத் தட்டி, எழும் ஓசையால் அதன் தன்மையை அறிவர். மணிபோல ஒலிப்பது ஆண்கல். தாளம்போல ஒலிப்பது பெண்கல். ஒலி எழாதது அலிக்கல். இவ்வேறுபாடு அறியாதவன் மாதக்கணக்கில் செதுக்கிய உருவம், உள்ளே மறைந்திருந்த பிளவினால் ஒரு நாளில் வீணாகலாம். கணகண என்பதற்கும் கிணுகிணு என்பதற்கும் வேறுபாடு அறியும் செவியே அங்குத் தொழிற்கருவி. எல்லா ஓசைக்கும் கிளிக் என்னும் ஒரே சொல்லை நீட்டும் பழக்கம் முற்றினால், நாவை அண்ணத்தில் ஒட்டி எழுப்பும் ஓசைக்கு ‘உச்சுக்கொட்டுதல்’ என்றொரு பெயர் உண்டென்பதும், அடக்கிய சிரிப்பு வெடிப்பது ‘களுக்கென்று’ என்பதும் அடுத்த தலைமுறையின் செவிக்கு எட்டாமற் போகும்.

கிளிக் என்னும் சொல்லைக் கணிப்பொறிக்குக் கொண்டுவந்த கருவியின் வரலாறும் சிறிது அறியத்தக்கது. டக்ளஸ் எங்கெல்பார்ட் என்னும் அமெரிக்கப் பொறியாளரின் ஆய்வுக் கூடத்தில் 1964இல் முதன்முதல் செய்யப்பட்ட அது, அடியில் சக்கரங்களும் மேலே ஒரு பொத்தானும் பொருந்திய சிறு மரப்பெட்டி. 1968 டிசம்பர் 9ஆம் நாள் சான்பிரான்சிஸ்கோ நகரில் அவர் அவ்வகைக் கருவியைப் பலர் முன்னிலையில் இயக்கிக் காட்டினார். இன்றைய கருவிகளில் பொத்தானின் அடியில் வளைந்து நிற்கும் மெல்லிய உலோகத் தகடு ஒன்று, அழுத்தத்தால் சட்டெனத் தாவி இடம் மாறுகின்றது. அத்தாவலே நாம் கேட்கும் ஓசை.

அவ்வோசையும் இப்பொழுது அடங்கிவருகின்றது. கைப்பேசியின் கண்ணாடித் தளத்தில் விரல் படும்பொழுது ஓசை எழுவதில்லை. படம் எடுக்கையில் நாம் கேட்கும் ஓசையோ பழைய படக்கருவியின் ஓசையைப் பதிவு செய்து வைத்து ஒலிக்கச் செய்வது. ஓசையே இல்லாத இடத்திலும் ஆங்கிலத்தார் கிளிக் எனச் சொல்வதுண்டு. தமிழிலோ, கண்ணாடித் தளத்தின்மேல் மெல்ல விரல் வைப்பதற்குச் ‘சொடுக்கு’ என்பது சற்றுக் கடுமையாகத் தோன்றியது போலும். ‘தொடுக’ எனவும் ‘தட்டுக’ எனவும் எழுதத் தொடங்கிவிட்டனர்.