மாசிக் காற்று, பங்குனித் தீ, சித்திரை இடி



கொழும்பில், ஹெவ்லொக் டவுனிலிருந்து இந்தப் பாடத்தை எழுதுகிறோம். இங்கே பலமாகக் காற்றடித்தால் வீதியோரத்தில் ஒரு கிளை முறியும், கொஞ்ச நேரம் லைட் போகும். அவ்வளவுதான். மலையில் அதே காற்று லயத்துத் தகரத்தைத் தூக்கிக்கொண்டு போய்ப் பணியக்கணக்கில் போட்டுவிடும். ஆகவே காற்று, தீ, இடிமழை மூன்றையும் பற்றி மலையில் இருப்பவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் படிக்கத் தெரிந்த பிள்ளை ஒருவர் இதைச் சத்தமாக வாசிக்க, அம்மா, அப்பா, அப்பாயி, தாத்தா எல்லோரும் கேட்டால் நல்லது.

1. எந்தக் காலத்தில் என்ன வரும்?

நம் நாட்டின் வளிமண்டலவியல் திணைக்களம் வருடத்தை நான்கு காலமாகப் பிரிக்கிறது. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று. மார்ச், ஏப்ரல் இரண்டும் இடைக்காலம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. ஒக்டோபர், நவம்பர் மறுபடியும் இடைக்காலம்.

இதை நம் கணக்கில் சொன்னால் இப்படி வரும். மாசியில் மழை குறைந்து, பனியிலும் வெயிலிலும் புல் காயும். பங்குனியில் அந்தக் காய்ந்த புல்லில் தீ பிடிக்கும். பங்குனிக் கடைசியிலும் சித்திரையிலும் காலையில் சுள்ளென்று வெயில், பின்னேரம் இடியும் மின்னலும் மழையும். வைகாசி பிறந்தால் அட்டன், வட்டவளைப் பக்கம் பெருங்காற்றும் அடைமழையும்.

ஊவாப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு தீக்காலமும் உண்டு. தென்மேல் காற்று கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வந்து, மேற்கு மலையில் ஏறும்போது குளிர்ந்து, மழையாகக் கொட்டிவிடுகிறது. வட்டவளைப் பக்கம் வருடத்துக்கு 5000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்வது அதனால்தான். ஈரத்தை இழந்த அந்தக் காற்று மலையைத் தாண்டி வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் இறங்குகிறது. காய்ந்த காற்று 100 மீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 1 பாகை சூடாகும். ஆகவே ஆனி, ஆடியில் அட்டனில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கொழுந்து எடுக்கும்போது, ஊவாவில் உலர்ந்த கச்சான் காற்று அடிக்கிறது. மானாப்புல் தீக்குச்சி மாதிரிக் காய்கிறது.

2. மானாப்புல் தீ

பத்தனைக் காட்டில் தீ தானாகப் பிடிப்பது மிகவும் அரிது. மாட்டுக்கு இளம்புல் முளைக்கட்டும் என்று ஒருவர் வைப்பார். வேட்டைக்காக ஒருவர் வைப்பார். மரக்கறித் தோட்டத்துக் குப்பையை எரித்துவிட்டு ஒருவர் அப்படியே போவார். அணைக்காத ஒரு சுருட்டும் போதும். பைன் மரத்துக்குக் கீழே கிடக்கும் காய்ந்த ஊசியிலையும், யூக்கலிப்டஸ் சருகும் எண்ணெய் ஊற்றியது போல எரியும்.

இரண்டு விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, தீ மேட்டை நோக்கித்தான் வேகமாக ஓடும். கீழே எரியும் தீ மேலே உள்ள புல்லை முன்கூட்டியே சூடாக்கிக் காயவைத்துவிடுகிறது. சரிவு 10 பாகை கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். ஆகவே புல்லுத் தீயைக் கண்டால் மேலே ஓடவே கூடாது. பக்கவாட்டில் ரோட்டுக்கோ, தேயிலைக்குள்ளோ, ஏற்கெனவே எரிந்து கறுத்துப்போன நிலத்துக்கோ போக வேண்டும்.

இரண்டாவது, வெயில் ஏறினால் காற்றும் மலையில் மேல்நோக்கி ஏறும். காலை 10 மணிக்குப் பிறகு, "சும்மா கொஞ்சம் குப்பைதானே" என்று மூட்டினால் பின்னேரம் வரை அது உங்கள் கைக்குள் நிற்காது. காற்றுக் காலத்தில் குப்பையை எரிக்காமல் குழிவெட்டிப் போடுங்கள். அது உரமாகும்.

லயத்தைச் சுற்றிப் புல் வெட்டும் வேலையை மாசி மாதமே முடித்துவிடுங்கள். வெட்டிய புல்லைச் சுவரோரம் குவிக்க வேண்டாம். தீயும் புகையும் வந்தால் மரத்திலும் பாறையிலும் இருக்கும் குளவி கலையும் என்பதையும் மறக்காதீர்கள். தீயை அணைக்கப் போகிறவர்கள் குளவிக்கூடு எந்தப் பக்கம் என்று முதலில் கேட்டுவிட்டுப் போக வேண்டும்.

3. லயத்துக்குள் தீ

ஒரு காம்பராவில் பிடித்த தீ எப்படி மற்றக் காம்பராக்களுக்கும் பரவுகிறது? உங்கள் வீட்டில் அண்ணாந்து பாருங்கள். பல பழைய லயங்களில் காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது. கூரைக்கடியில் ஒரே நீளமான வெளி இருக்கும். அடுத்த வீட்டில் பொரிக்கும் கருவாட்டு வாசனை வருகிற அதே வழியால்தான் நெருப்பும் புகையும் வரும். அதற்கு மேல் காற்றும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம்.

இவற்றைச் செய்யுங்கள்:

கவ்வாத்து மிலாறை அடுப்புக்கு மேலே அட்டலில் அடுக்கிக் காயவைக்கும் பழக்கத்தை, காற்றுக் காலத்திலாவது விடுங்கள். இரவு படுக்கும் முன் அடுப்புத் தணலைத் தண்ணீர் தெளித்து அணையுங்கள். ஒரே பிளக்கில் கேத்தல், அயர்ன், டீவி எல்லாவற்றையும் மாட்ட வேண்டாம். அடுத்த வீட்டிலிருந்து மெல்லிய வயரில் லைட் எடுப்பது உதவிதான், ஆனால் அந்த வயர் சூடானால் இரண்டு வீடும் போகும். குப்பிலாம்பை யன்னலோரம் வைக்காதீர்கள். எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூடியால் மூடி அடுப்பை அணைக்க வேண்டும்.

தீ பெரிதாகிவிட்டால் சாமானைப் பார்க்க வேண்டாம். பிள்ளைகளையும் முதியவர்களையும் வெளியே எடுங்கள். புகைக்குள் நிமிர்ந்து நடக்காமல் குனிந்து, தவழ்ந்து வெளியேறுங்கள். வெளியே வந்தவர் மறுபடி உள்ளே ஓடக் கூடாது.

உடம்பில் தீக்காயம் பட்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பீலித் தண்ணீர் போதும். பற்பசை, மண்ணெண்ணெய், கோப்பித்தூள் எதையும் பூச வேண்டாம். சுத்தமான துணியால் மூடி, 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் கேளுங்கள்.

4. கூரையைத் தூக்கும் காற்று

"காற்று கூரையைத் தள்ளிருச்சு" என்று சொல்கிறோம். உண்மையில் காற்று கூரையைத் தூக்குகிறது. ஒரு கடதாசித் துண்டை உதட்டுக்குக் கீழே பிடித்து, அதன் மேற்பக்கமாக ஊதிப் பாருங்கள். தொங்கிய கடதாசி மேலே எழும்பும். லயத்துத் தகரத்துக்கும் இதுவே நடக்கிறது. காற்றடிக்கும் பக்கத்துக் கதவும் திறந்திருந்தால், உள்ளே புகுந்த காற்று கீழேயிருந்தும் தள்ளும். அதனால் பெருங்காற்று அடிக்கும்போது காற்று வரும் பக்கத்துக் கதவு யன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள்.

தகரத்துக்கு மேலே கல்லும் பழைய டயரும் வைப்பதை எல்லாத் தோட்டத்திலும் பார்க்கிறோம். வேறு வழியில்லாமல்தான் வைக்கிறோம். ஆனால் தகரம் எழும்பினால் அந்தக் கல் பிள்ளையின் தலையில் விழும். கல்லைவிட, ரீப்பையைச் சுவரோடு கம்பியால் இறுக்கிக் கட்டுவது நல்லது. வைகாசிக்கு முன்னே ஒரு ஞாயிற்றுக்கிழமை, லயத்து ஆண்கள் எல்லோரும் சேர்ந்தால் ஒரு லயத்தையே பார்த்து முடிக்கலாம். உக்கிப்போன ரீப்பை, கழன்ற ஆணி, கூரைக்கு மேல் சாய்ந்த மரம் எல்லாவற்றையும் எழுதி, தோட்டத்து ஒப்பீஸில் கொடுங்கள். வாயால் சொன்னது மறந்துபோகும். எழுதிக் கொடுத்ததன் பிரதி ஒன்று உங்கள் கையில் இருக்கட்டும்.

5. சித்திரை மின்னல்

மின்னல் வெட்டியதிலிருந்து இடிச் சத்தம் கேட்கும் வரை எண்ணுங்கள். 3 வினாடி என்றால் ஒரு கிலோமீட்டர் தூரம். 30 எண்ணுவதற்குள் சத்தம் கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. அப்போது மலையை விட்டு இறங்க வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் போகும் வரை திரும்ப ஏறக் கூடாது.

எங்கே ஒதுங்குவது? தனிமரத்துக்குக் கீழே வேண்டாம். நாலு பக்கமும் திறந்த கொழுந்து மடுவம் மழைக்கு உதவும், மின்னலுக்கு உதவாது. பெக்டரி, பாடசாலை, பிள்ளைக்காம்பரா போன்ற சுவருள்ள கட்டடமோ, மூடிய லொறியோ நல்லது. எதுவும் கிட்ட இல்லாவிட்டால் மலை உச்சியையும் கம்பி வேலியையும் விட்டு விலகி, கத்தியைக் கீழே போட்டுவிட்டு, கால்களைச் சேர்த்துக் குந்தி இருங்கள். ஒருவரோடு ஒருவர் ஒட்டி நிற்காமல் தள்ளி இருங்கள். வீட்டில் டீவியின் பிளக்கையும் அன்டெனா வயரையும் இடி வரும் முன்பே கழற்றிவிடுங்கள்.

மின்னல் தாக்கியவரைத் தொட்டால் ஷொக் அடிக்கும் என்று பயப்படுகிறார்கள். அது தவறு. அவர் உடம்பில் மின்சாரம் தங்காது. மூச்சில்லாவிட்டால் உடனே நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடங்க வேண்டும்.

இங்கே ஒரு கஷ்டம் இருக்கிறது. ஒரு அக்கா எங்களிடம் சொன்னார்: "இடி முழங்குறது எங்களுக்கும் கேக்குதுங்க. ஆனா நிறுவை குறைஞ்சா அரைப்பேர் போட்ருவாங்களேன்னுதான் நிக்கிறோம்." இந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் மழை நாளில் மலையில் நின்று வாதாடாமல், பங்குனிக்கு முன்னமே தலைவரும் மகளிரும் துரையோடு பேசி ஒரு முடிவு எடுக்க வேண்டும். யார் சைகை கொடுப்பது, எங்கே ஒதுங்குவது, அந்த நாள் பேர் எப்படி என்பதெல்லாம் முன்பே முடிவாகியிருந்தால், இடி முழங்கும்போது ஒருவரும் தயங்க மாட்டார்கள்.

6. மழையும் மண்ணும்

தீயும் மழையும் எதிரிகள் என்று நினைக்கிறோம். மலையில் தீ போட்ட வழியில்தான் மழை வரும். புல்லும் வேரும் எரிந்த சரிவில் முதல் பெருமழை பெய்தால் மண் அப்படியே கரைந்து கானை அடைத்துவிடும். அடைபட்ட தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும். அங்கேதான் மண்சரிவு ஆரம்பிக்கிறது.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்ததை நம்மில் யாரும் மறக்கவில்லை. அன்று பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். திரும்பி வந்தபோது சிலருக்கு வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005லும் 2011லும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை வந்தது; குடியேறப் பாதுகாப்பான வீடு வரவில்லை. 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் வந்தபோதும் பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவுகள் பல உயிர்களைக் கொண்டுபோயின.

மண்சரிவு எச்சரிக்கையைக் கொடுப்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் மழை தாண்டினால் மஞ்சள், அதாவது விழிப்பாக இருங்கள். 100 தாண்டினால் செம்மஞ்சள், அதாவது மூட்டை கட்டித் தயாராகுங்கள். 150 தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 தாண்டினால் சிவப்பு, அதாவது உடனே வெளியேறுங்கள்.

ரேடியோ சொல்லும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. நாமே அளக்கலாம். நேரான பக்கமுள்ள பெரிய பிளாஸ்டிக் போத்தலின் மேற்பகுதியை வெட்டி, அதையே தலைகீழாகப் புனல் போல உள்ளே வையுங்கள். அடியில் சின்னக் கற்களைப் போட்டு, அவை மூடும்வரை தண்ணீர் ஊற்றி, அங்கே பூச்சியக் கோடு போடுங்கள். அதிலிருந்து அடிமட்டத்தால் 75, 100, 150 மில்லிமீட்டரில் மூன்று கோடு. மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் நட்டு, தினமும் காலையில் ஒரே நேரத்தில் பார்த்து எழுதிவிட்டு, தண்ணீரைப் பூச்சியக் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். இதை ஒரு பாடசாலைப் பிள்ளையின் பொறுப்பில் விடலாம்.

மழையை அளப்பதோடு மண்ணையும் பாருங்கள். நிலத்தில் அல்லது சுவரில் புதிய வெடிப்பு, திடீரென்று சாத்த முடியாத கதவு, சாய்ந்து நிற்கும் மரம், புதிதாகக் கிளம்பிய ஊற்று, கலங்கி வரும் அல்லது சட்டென்று நின்றுபோன பீலி ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் எந்த நிறத்துக்கும் காத்திருக்க வேண்டாம். வெளியேறிவிட்டு, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்குச் சொல்லுங்கள்.

7. பேசி எழுதி வையுங்கள்

இந்த மாதக் கூட்டத்தில் கீழே உள்ள கேள்விகளுக்கு விடை எழுதி, பிள்ளைக்காம்பராச் சுவரில் ஒட்டுங்கள்.

நம் லயம் இரவில் வெளியேற வேண்டி வந்தால் எங்கே போவது? அந்தப் பாடசாலையோ கோயிலோ பாதுகாப்பான நிலத்தில்தான் இருக்கிறதா? அதன் திறப்பு யாரிடம்?

நடக்க முடியாத தாத்தா, பாட்டியை எந்த வீட்டு இளைஞர் தூக்குவார்?

வீடு வீடாகத் தட்டி எழுப்புவது யார்? அவர் ஊரில் இல்லாவிட்டால் அடுத்தவர் யார்?

அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சேமலாப நிதிக் கடதாசி, கிளினிக் கொப்பி, மருந்து எல்லாம் ஒரே பையில் இருக்கிறதா?

நம் லயம் ஆபத்தான இடம் என்று ஏற்கெனவே சொல்லப்பட்டிருந்தால், மாற்று வீடு கேட்டு எழுதிய கடிதம் எங்கே? கடைசியாக யாருக்கு, எந்தத் திகதியில் கொடுத்தோம்?

கடைசிக் கேள்விதான் கடினமானது. "போங்க போங்கன்னு சொல்றாங்க, எங்கதான் போறது?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது தோட்ட நிர்வாகம், அரசாங்கம், எங்களைப் போன்ற நலன்புரி அமைப்புகள் எல்லோருடைய கடமை. அதை நாங்கள் மறக்கவில்லை. அந்த வீடு கிடைக்கும் வரை உயிரோடு இருப்பதற்குத்தான் இந்தப் பாடம். காற்று கேட்டுக்கொண்டு வராது. நாம்தான் முன்னமே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.