தர்மம் செய்யும் கார்டு

கேள்வி: தேய்க்கும்போதெல்லாம் ஒரு பங்கு தர்மத்துக்குப் போகும் கிரெடிட் கார்டு வாங்கலாமா?
- வாசகர், சிவகாசி

பதில்: உங்கள் பக்கத்துக்கு இது புதிதா என்ன? வியாபாரத்தில் ஒரு பங்கை மகமையாகப் பிடித்துப் பள்ளிக்கூடம் நடத்திய ஊர் விருதுநகர். காமராஜர் படித்த க்ஷத்திரிய வித்யாசாலைக்கு வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து வைத்தார்கள். அந்தக் கணக்கு ஊருக்குத் தெரியும். கார்டிலோ எத்தனை சதவீதம், யாருக்கு என்பதை விதிமுறைத் தாளில் தேடித்தான் பிடிக்க வேண்டும். பாக்கி வைத்தால் பெரும்பாலும் மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி வேறு! ஆண்டுக் கட்டணமில்லாத சாதாரணக் கார்டே போதும். பட்டாசு விபத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளைப் படிக்கவைக்கும் அமைப்புக்கு நேரடியாகக் கொடுங்கள். அதற்கு வருமான வரிச் சலுகைக்கான 80ஜி பதிவு இருந்தால் ரசீது உங்கள் பெயரில் வரும். பழைய வரிமுறையில் சலுகையும் உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் மட்டும் அது கிடைக்காது.